இடிக்கு ஒரு குடை

"எனக்கு வேண்டாம் சார். அதுக்குப் பிடிங்க."

குடையோடு ஓடி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். ஆனால் அவள் விரல் காட்டியது, தான் தள்ளிக்கொண்டு வந்த சக்கரப் பலகையை. பலகையின் மேல் பெரிய செப்பு அண்டா ஒன்று. அதற்குத் தன் மழைக்கோட்டைப் போர்த்தி, பட்டனெல்லாம் போட்டு, தொப்பியையும் இழுத்து மூடியிருந்தாள்.

"எதுக்கு... இதுக்கா?"

"இதுக்குத்தான். பேசிட்டே நிக்காதீங்க, குடைய அந்தப் பக்கம் சாய்ங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, உங்க தலை நனையுதான்னு யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. அவன் மறுபேச்சில்லாமல் குடையை அண்டாவுக்குப் பிடித்தான். இருவருமாக முற்றத்தைக் கடந்து, அரங்கின் பின்வாசல் சரிவில் பலகையை ஏற்றினார்கள். பாதிச் சரிவில் ஒரு சக்கரம் இடக்குப் பண்ணியது. அவள் ஓர் உதை விட்டாள். சக்கரம் வழிக்கு வந்தது.

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்றான் அவன்.

"எப்படி?"

"உதை."

"கேக்கறவங்களுக்குக் கிடைக்கும்."

அவன் சிரித்தான்... அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. இமை நுனியில், விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்த ஒரு துளி. அதற்குப் பின்னால் சிரிப்பு இன்னும் அடங்காத கண்கள்... பார்த்தது ஒரு கணம்தான். அதற்குள் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்றால், தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது ஒருத்தன் இமையில் தொங்கும் துளியைப் பார்த்துக்கொண்டு நின்ற தன் மேல்தான்.

"தேங்க்ஸ்" என்றாள், ஏனோதானோவென்று. பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவில் அவளுக்கு இடி என்று பெயர். காரணப் பெயர்தான். பகலெல்லாம் கட்டடப் பொறியியல் ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு நசுக்கினால் உடையும் என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. மாலையில் டிம்பனி வாசிப்பாள். டிம்பனி என்றால் செப்பு அண்டாவின் வாயில் தோலை இழுத்துக் கட்டிய பெருமுரசு, எப்போதும் ஜோடியாக. ஆக, பொழுது விடிந்து பொழுது போனால் உடைப்பதும் அடிப்பதும்தான். குணமும் அதற்கேற்றபடியே வாய்த்திருந்தது.

ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டர் அவளுடைய அண்ணன். "கண்டக்டரா, எந்த பஸ்ல?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அண்ணன் அதற்கும் சிரிப்பார். அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கிய பொறுமை மொத்தத்தையும் அவரே சுருட்டிக்கொண்டு பிறந்துவிட்டார், தங்கைக்கு ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்கவில்லை.

அந்தப் பொறுமைக்கும் இப்போது சோதனை. ஆர்கெஸ்ட்ரா எதற்கு, அந்த அரங்கை இன்னொரு வகுப்பறை ஆக்கிவிடலாமே என்று நிர்வாகத்தில் பேச்சு கிளம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்குத் துணைவேந்தர் வருகிறார். கேட்டுவிட்டு முடிவு சொல்வார். கச்சேரி சொதப்பினால் ஆர்கெஸ்ட்ராவும் இல்லை, அண்ணனுக்கு வேலையும் இல்லை.

அதனால் அண்ணன் துணிந்து ஒரு காரியம் செய்தார். முழுக்க இருநூறு வருஷத்துக்கு முந்தைய இசை, அந்தக் காலத்து ஓசையிலேயே. பிளாஸ்டிக் போர்த்திய புது டிம்பனியை ஒதுக்கிவிட்டு, தோல் போர்த்திய பழைய ஜோடியை எடுக்கச் சொன்னார். பெயர்பெற்ற பியானோக்காரர் ஒருவரை விருந்தாளியாக அழைத்தார். அவர் தன்னுடைய பழைய மாதிரிப் பியானோவையே கூடக் கொண்டுவருவதாகச் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் அந்த வாரம் முழுக்க மழை பெய்யும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஈரக் காற்று பட்டால் தோல் தளரும். தளர்ந்தால் சுருதி இறங்கும். சேர்த்து வைத்தால் மறுபடியும் இறங்கும்.

"நல்லவேளை, விருந்தாளி வந்து சேந்துட்டார்" என்றார் ட்ரம்பெட் அக்கா. பல்கலைக்கழக மருத்துவமனையில் பல் டாக்டர், டிம்பனிக்குப் பக்கத்து நாற்காலி. "ஆனா ஆளு கொஞ்சம் முசுடாம். எங்கயோ கச்சேரி நடுவுல யாரோட போனோ அடிச்சிருக்கு. பாதியில எந்திரிச்சுப் போயிட்டாராம்."

"போகட்டுமே. இங்க அப்படிப் பண்ணினா கால ஒடிச்சுடுவேன்."

அப்போது மேடைக் கதவு திறந்தது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே விருந்தாளி உள்ளே வந்தான்... குடை பிடித்தவன். அவன் கண்கள் வயலின்காரர்களைத் தாண்டி, புல்லாங்குழல்களைத் தாண்டி, கடைசி வரிசையில் அவளிடம் வந்து நின்றன. சிரித்தன.

அவள் குனிந்து, முரசுத் தோலை இறுக்கும் திருகாணியைப் பார்த்தாள்.

"என்னடி, தெரிஞ்சவரா?"

"இல்லக்கா. குடை பிடிச்சார்."

"வந்த அன்னைக்கேவா?" என்றார் அக்கா.

பியானோவும் ஆர்கெஸ்ட்ராவுமாகச் சேர்ந்து வாசிக்கும் மூன்று பகுதி இசைக்கு ஒத்திகை ஆரம்பித்தது. முதல் பகுதி முடியும்வரை அவளுக்கு நிறைய வேலை. அடித்தாள், எண்ணினாள், அடித்தாள். நடுப்பகுதி மெதுவானது. அதில் டிம்பனிக்கு ஓர் அடிகூடக் கிடையாது. அவன் விரல்கள் தொட்டதும் அந்தப் பழைய பியானோ, பக்கத்தில் உட்கார்ந்து யாரோ பேசுவதுபோலச் சன்னமாகப் பேசத் தொடங்கியது... வெளியே மழை. உள்ளே அந்தக் குரல். இவ்வளவு மென்மையாக ஒரு மனுஷனால் எதையாவது தொட முடியுமா?

ரசித்துக்கொண்டு உட்கார அவளுக்குக் கொடுப்பினை இல்லை. நடுப்பகுதியின் முடிவில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிடும். பியானோ மட்டும் தனியாக ஒரு சின்னப் பாலம் போடும். பாலம் முடிந்த கையோடு, இடைவெளியே இல்லாமல், அவளுடைய முரசடியோடு கடைசிப் பகுதி கிளம்பும். அதற்குள் இறங்கிப்போன சுருதியைச் சரிசெய்தாக வேண்டும். தோலுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். விரல் நுனியால் தட்டினாள். வேண்டிய சுரத்தை மூக்குக்குள்ளேயே முனகிக்கொண்டு திருகாணியைத் திருகினாள். டிம்பனி வாசிக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

பியானோ பட்டென்று நின்றது.

"யாரது?"

அரங்கமே மூச்சை அடக்கியது.

"பின்னாடி யாரோ முனகிட்டே இருக்காங்க. நான் வாசிக்கவா, எந்திரிச்சுப் போகவா?"

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் எழுந்து நின்றாள். "முனகல சார். சுருதி சேக்கறேன். மழைக்குத் தோல் இறங்கிடுச்சு."

"அப்புறமா சேத்துக்கோங்க."

"அப்புறம்னா நான் அடிக்கணும்."

"அப்ப முன்னாடியே சேத்துட்டு வரணும்."

"சேத்துட்டுதான் வந்தேன். மழைகிட்ட சொல்லிப் பாருங்க, கேக்குதான்னு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. சிரித்த கண்கள் எங்கே போயினவோ... "நான் எத்தனையோ ஆர்கெஸ்ட்ராவோட வாசிச்சிருக்கேன். டிம்பனிக்காரங்க தூங்கிப் பாத்திருக்கேன். கூடச் சேந்து பாடிப் பாத்ததில்ல."

இப்போது சிரிப்பு பெரிதாக வந்தது. இந்த முறை அவளைப் பார்த்து.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. இசைக்குறிப்பு எழுதிய நோட்டேட்டைப் பார்த்துக்கொண்டு, "நடுப்பகுதியில நீ முரசத் தொடாத. கச்சேரியிலயும்தான்" என்றார்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. உட்கார்ந்தாள். தொடவில்லை. பாலம் முடிந்தது. அண்ணன் கையை ஓங்கினார். அவள் அடித்தாள்... தொய்ந்துபோன பழைய மெத்தையைத் தட்டினதுபோல ஒரு சத்தம் எழுந்தது. ட்ரம்பெட் அக்கா முகத்தைச் சுளித்தார். விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டான். 'கேட்டீங்களா, எல்லாரும் நல்லா கேட்டீங்களா' என்று அவளுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை அடித்து முடித்தாள்.

வீட்டில் அண்ணன் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை.

"அவர் எந்திரிச்சுப் போயிட்டா நாம அவ்வளவுதான். உனக்கே தெரியும்" என்றார் அண்ணன்.

"அதுக்காக? உன் தங்கச்சி பக்கம் ஒரு வார்த்தை பேசக் கூடாதா? தோலை எடுக்கச் சொன்னது யாரு, நீ. மழையில தள்ளிட்டு வந்தது யாரு, நான். திட்டு வாங்குனது யாரு?"

"நீதான்" என்று ஒத்துக்கொண்டார் அண்ணன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. அப்புறம் என்ன வேணும்னாலும் திட்டு."

"அப்புறம் நான் பேசவே போறதில்ல" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கச்சேரியில் வேண்டுமென்றே தொடாமல் இருக்கப்போகிறாள். துணைவேந்தர் முன்னால் அந்த மெத்தைச் சத்தம் வரட்டும். அப்போதாவது யார் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் அன்று முடிவு செய்தாள்.

மறுநாள் மத்தியானம் வாத்தியக் கிடங்கில் இருந்தாள். முரசுகளை மேடையில் விட்டுவைக்க அவளுக்கு மனம் வராது, அங்கே கூரை ஈரம் கசியும். ஆகவே தினமும் கிடங்குக்குத் தள்ளிவந்து, அண்டாக்களுக்குப் பக்கத்தில் மேசை விளக்குகளை எரியவிட்டு, அந்தச் சூட்டில் தோலை உலர வைப்பாள். வாசலில் நிழல் தட்டியது.

"உள்ள வரலாமா?"

"சத்தம் போடாம வர்றதா இருந்தா வாங்க. நான் முனகிட்டு இருக்கேன்."

அவன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான். எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். "மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேளுங்க."

"மன்னிச்சிடுங்க."

"முடியாது."

"ஏன்?"

"நீங்க திட்டினப்ப யார் யார் இருந்தாங்க?"

"...எல்லாரும் இருந்தாங்க."

"இப்ப யார் இருக்கா? நானும் ரெண்டு மேசை விளக்கும். விளக்குக்கு உங்க மேல ஒரு கோபமும் இல்ல. அது எதுக்குக் கேக்கணும்?"

அவன் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் முறைத்தாள். சிரிப்பு ஓடி ஒளிந்துகொண்டது. அங்கே கிடந்த ஒரு பெரிய வாத்தியப் பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தான்.

"எல்லார் முன்னாடியும் சொன்னா, அன்னைக்கு ஏன் அப்படிக் கத்துனேன்னு கேப்பாங்க. அதைச் சொல்ல முடியாது."

"அப்படி என்ன சிதம்பர ரகசியம்?"

அவன் தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னான். "போன் அடிச்சதுக்காகக் கச்சேரிய விட்டுட்டுப் போனேன்னு சொல்வாங்கல்ல... போன் அடிக்கறதுக்கு முன்னாடியே எனக்கு மறந்துபோச்சு. ஒரு மெதுவான இடம். கை தானா போயிட்டு இருக்கு. அடுத்து என்னன்னு தெரியல. ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை. அந்த நேரம் பாத்து யாரோட போனோ அடிச்சுது. கோபப்பட்ட மாதிரி எந்திரிச்சுப் போயிட்டேன். திமிர் பிடிச்சவன்னு எழுதினாங்க. பயந்தாங்கொள்ளின்னு எழுதறதுக்கு அது எவ்வளவோ தேவலாம்னு விட்டுட்டேன்."

மழை ஓட்டின் மேல் சடசடத்தது.

"அதுல இருந்து மெதுவான இடம் வந்தாலே பயம். சின்னதா ஒரு சத்தம்... அதுவும் சுருதி சேராம மெல்ல மேல ஏறுற சத்தம்... காதுல விழுந்தா என் கை எங்க இருக்குன்னே தெரியாமப் போயிடுது. இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. நேற்று அத்தனை மென்மையாகத் தொட்ட விரல்களுக்கா இத்தனை பயம்... கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அப்படித் தோன்றியதுதான் தாமதம், கோபம் பழையபடி பொங்கிக்கொண்டு வந்தது.

"ஆக, உங்க பயத்த மறைக்க நான் வாங்கிக் கட்டிக்கணும்."

அவன் நிமிர்ந்தான். அவள் விடவில்லை.

"உங்க பியானோவுக்கு ஒருத்தர் தனியா வந்து, காலையில இருந்து உக்காந்து சுருதி சேக்கறார். அப்ப நாங்க எல்லாரும் வாயப் பொத்திட்டு வெளிய நிக்கறோம். மழை உங்க கம்பிக்கு மட்டும்தான் பெய்யுதா? எனக்குக் கிடைக்கறது உங்க நடுப்பகுதி ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டீங்க. ஞாயித்துக்கிழமை முரசு அசிங்கமா கேக்கும். எங்க அண்ணன் வேலை போகும். உங்க பேரு மட்டும் பத்திரமா இருக்கும்."

"நான் வேணும்னா அண்ணன்கிட்ட..."

"ஒண்ணும் வேண்டாம். எங்க திட்டினீங்களோ அங்க வந்து சொல்லுங்க. இல்லன்னா கிளம்புங்க."

அவன் எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி, "சேக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

"யாரும் கத்தலைன்னா சீக்கிரம் ஆகும்."

போய்விட்டான். சற்று நேரம் கழித்துத்தான் பார்த்தாள். சின்ன முரசுக்குப் பக்கத்தில், ஞாபகமாகச் சாய்த்து வைத்தபடி அவனுடைய குடை இருந்தது. சன்னலுக்கு ஓடினாள். கொட்டுகிற மழையில், தோளைக் குறுக்கிக்கொண்டு அவன் முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தான்... மூலை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், பார்த்ததற்காகத் தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள். அவன் சொன்னதை அண்ணனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அரங்கு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் பகுதி தொடங்கியபோது பொட்டுப் பொட்டாக விழுந்த மழை, பாதியில் வெளுத்து வாங்கத் தொடங்கியது. அவள் எண்ணிக்கொண்டே அடித்தாள். கடைசி அடி கொஞ்சம் தாழ்ந்து ஒலித்தது. சபைக்குத் தெரிந்திருக்காது. பியானோவிலிருந்து அவன் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

நடுப்பகுதி தொடங்கியது. அந்தச் சன்னக் குரல் மறுபடியும்... அவள் ஒரு விரலைத் தோலின் மேல் வைத்தாள். வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஈரத் துணிபோலக் கிடந்தது தோல். இப்படியே அடித்தால் ஒத்திகையைவிட மோசமாக இருக்கும்.

'வரட்டும் அந்த மெத்தைச் சத்தம்' என்று கறுவிக்கொண்டிருந்தவள்தான். இப்போது அண்ணனின் முதுகு தெரிந்தது. அயர்ன் பண்ணத் தெரியாமல் அவரே பண்ணிக்கொண்ட கோட்டில் ஒரு பெரிய மடிப்பு. அவளுக்கு அழுகை முட்டியது. திருகாணியை நோக்கிக் கை போனது. ஒரு முனகல், ஒரே ஒரு திருகல்... அண்ணன் பிழைத்துக்கொள்வார். ஆனால் அங்கே ஒருத்தன், வெள்ளையாகிவிடுமோ என்று ஒவ்வொரு சுரமாகப் பயந்து பயந்து நடந்துகொண்டிருக்கிறான். அது இந்த அரங்கில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். பழி தன்மேல் விழட்டும். டிம்பனிக்காரி கெடுத்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அவன்மேல் வந்த ஆத்திரம் இருக்கிறதே... இப்படி என்னை மாட்டிவைத்துவிட்டாயே பாவி என்று, அந்த வளைந்த முதுகை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

ஆர்கெஸ்ட்ரா நின்றது. இனிப் பாலம்தான். நாலு சுரம், இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாகத் தட்டும் ஒரு நடுக்கம், அப்புறம் அவளுடைய அடி. அண்ணன் குச்சியை உயர்த்தத் தயாரானார்.

அவன் அந்த நாலு சுரத்தை வாசிக்கவில்லை.

இடது கையைக் கீழே, பியானோவின் அடிவயிற்றுக்குக் கொண்டுபோய் ஒரே சுரத்தை ஓங்கி அடித்தான். மறுபடியும். மறுபடியும். அதுவரை கிசுகிசுத்த பியானோ கர்ஜித்தது. சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். அவன் தலையைத் திருப்பி, எல்லாரையும் தாண்டி, அவளையே பார்த்தான்.

அவள் பெரிய முரசின் சுரம் அது.

அவள் பாய்ந்தாள். காது தோலில், விரல் விளிம்பில், கை திருகாணியில்... அவன் அந்தச் சுரத்தைச் சுற்றி இடிபோல உருட்டினான், உயர்த்தினான், மறுபடி அதிலேயே கொண்டுவந்து இறக்கினான். அந்த முழக்கத்துக்குள் அவள் வாய்விட்டே பாடினாள். யாருக்கும் கேட்கவில்லை. "அடேங்கப்பா" என்று முணுமுணுத்த ட்ரம்பெட் அக்கா, விஷயம் புரிந்ததும் தன் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று சிரித்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பெரிய முரசு முடிந்தது. தலையசைத்தாள். அவன் சின்ன முரசின் சுரத்துக்கு மாறினான். பாதித் திருகலில் பியானோவில் நடுக்கம் கேட்டது. பாலத்தின் முடிவுக்கு அடையாளமே அந்த நடுக்கம்தான். அண்ணன் குச்சியைத் தூக்கிவிட்டார். அவள் பதறிப்போய், வேண்டாமென்று வேகமாகத் தலையை ஆட்டினாள். அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டு, நடுக்கத்தை அப்படியே வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனான். அண்ணன் தூக்கிய குச்சியால் நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

கடைசித் திருகல். அவள் இரண்டு குச்சிகளையும் உயர்த்திக் காட்டினாள்.

அவன் சிரித்தான். மழைநாள் சிரிப்பு... மெல்லிய நடுக்கம் மேலே எழுந்தது, அண்ணனின் கை இறங்கியது, அவள் அடித்தாள். முரசு முழங்கியது. கணீரென்று, சுத்தமாக, வயிற்றுக்குள் அதிரும்படி. ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் அதன்மேல் ஏறிக்கொண்டு ஓடியது. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது மழை விடவில்லை. வாத்தியப் பெட்டிகளோடு எல்லாரும் பின்வாசல் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ஓடிவந்தார். முகமெல்லாம் பல். "ஆர்கெஸ்ட்ரா இருக்குதாம். துணைவேந்தர் சொல்லிட்டார். நமக்கு அடுத்த வருஷமும் கச்சேரி இருக்கு. பியானோவும் முரசும் சண்டை போட்டுக்கிட்ட இடம்தான் அவருக்கு ரொம்பப் பிடிச்சுதாம்."

"இப்பவும் நான் உன்கூடப் பேசல" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "தப்பு என்னோடதுதான். உன் பக்கம் பேசியிருக்கணும்" என்றார் மெல்ல. அவள் அவருடைய கோட்டு மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள். அந்த வீட்டில் சமாதானம் அப்படித்தான் ஆகும்.

"ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல் கேட்டது.

விருந்தாளி. கதவருகில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. மேடையில்கூட அவன் அவ்வளவு பயந்து அவள் பார்த்ததில்லை.

"அன்னைக்கு ஒத்திகையில இவங்கள எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினேன். அது தப்பு. இவங்க செஞ்சது சரியான வேலை. மன்னிச்சிடுங்க." நிறுத்தினான். "நான் ஏன் கத்துனேன்னா... எனக்குப் பயம். முன்ன ஒரு கச்சேரியில பாதியில எந்திரிச்சுப் போனேனே, அது போன் அடிச்சதால இல்ல. மேடையில எனக்கு மறந்துபோச்சு. அதான் உண்மை."

ஓட்டிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ட்ரம்பெட் அக்கா, "எனக்கெல்லாம் நோட்டேடு முன்னாடி இருக்கறப்பவே மறந்துபோகும் தம்பி" என்றார். ஒரு சிரிப்பு எழுந்தது. அதில் யாரையும் குத்துகிற முள் இல்லை.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. மழைக்கோட்டைப் போர்த்திய பெரிய முரசைத் தள்ளிக்கொண்டு விடுவிடுவென்று மழைக்குள் இறங்கிவிட்டாள். முந்தின நாள் கிடங்கில் விட்டுப்போன குடையை, அவள் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்த தாழ்வாரத்துச் சுவரோரத்திலிருந்து எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடிவந்தான். விரித்து, கேட்காமலே முரசுக்குப் பிடித்தான்.

"இன்னும் என்ன கோபம்? சொல்லிட்டேன்ல..."

அவள் முற்றத்தின் நடுவில் நின்றாள். "மன்னிப்பு மட்டும்தானே கேக்கச் சொன்னேன்? அந்த இன்னொண்ண ஏன் சொன்னீங்க? அத நான் யார்கிட்டயும் சொல்லல. அண்ணன்கிட்டகூடச் சொல்லல. பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். நீங்க பாட்டுக்குத் தாழ்வாரத்துல போட்டு உடைச்சா எப்படி? நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசினா?"

"பேசட்டும்."

"பேசட்டுமா? எவனாவது பேசட்டும், பாக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவன் கண்கள் விரிந்தன. மழை இருவர் தலையிலும் வழிந்தது. இமை நுனியில் அதே துளி, விழலாமா வேண்டாமா என்று...

"இடி" என்றான் மெதுவாக. "மழைக்கோட்டக் கழட்டி இதுக்குப் போட்டுட்டு, நீங்க நனைஞ்சுட்டு வந்தீங்களே அன்னைக்கு... அப்பவே எனக்கு முடிஞ்சுபோச்சு. அப்புறம்தான் திட்டினேன், மடையன் மாதிரி. இன்னைக்கு நடுப்பகுதியில உங்க கை திருகாணிக்குப் போயிட்டு மடிக்குத் திரும்பினத பியானோ மூடியோட பளபளப்புல பாத்தேன். எனக்காக விட்டுக் கொடுத்தீங்க. அப்ப எனக்குப் பயமே இல்ல. முதல் தடவையா."

அவள் மூக்கு விடைத்தது. "எனக்குக் கோபம் போகல."

"தெரியுது."

"ரெண்டு நாளா போகல. கான்கிரீட் கட்டி உடைக்கறப்பவும் உங்க ஞாபகம்தான். அண்ணனத் திட்டறப்பவும் உங்க ஞாபகம்தான். தூங்கவும் முடியல. ஒருத்தர் மேல இவ்வளவு ஆசையும் இவ்வளவு ஆத்திரமும் ஒண்ணா வந்தா மனுஷி என்னதான் பண்ணுவா? அதுதான் எனக்குப் பெரிய கோபம்."

அவன் குடையை இன்னும் கொஞ்சம் முரசின் பக்கம் சாய்த்தான்.

"நீங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவீங்க" என்றாள்.

"போகணும். ஆனா உங்க கோபம் போனதும் போலாம்னு பாக்கறேன்."

"அது போகாது. எங்க வீட்டுல அண்ணனத் தவிர யாருக்கும் போனதில்ல."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை. முரசின் மேல் விரித்திருந்த குடையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். மெல்லக் கையை நீட்டி, அந்த மணிக்கட்டைப் பற்றித் தன் பக்கம் இழுத்தாள்.

"அதுக்குத்தான் கோட்டு இருக்குல்ல" என்றாள். "எனக்குப் பிடிங்க."